மஞ்சள் சாயத்தில் செம்மண் திட்டுகள்: என் அனுபவம்

கம்பளி நூலுக்கு மஞ்சள்தூளில் சாயம் ஏற்றினேன். 100 கிராம் நூலை சாயம் பிடிப்பதற்காக 12 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, அப்புறம் மஞ்சள் தண்ணீரில் கொதிக்க விடாமல் சிறு தீயில் ஒரு மணி நேரம். எடுக்கும்போது பளிச்சென்ற மஞ்சள். அலசிப் பிழிந்தால் ஆங்காங்கே செம்மண் நிறத் திட்டுகள்.

தூளில் கலப்படமோ என்று கிழங்கு வாங்கி அரைத்தேன், அதே திட்டு. படிகாரத்தைக் கூட்டியதில் நூல் பிசுபிசுத்ததுதான் மிச்சம். சாயம் காய்ச்சும் பாத்திரத்தை மாற்றியும் பலனில்லை. நாள்கள் வீணானதில் நல்ல எரிச்சல்.

திட்டுகள் எல்லாம் சிட்டத்தின் (நூல் சுருளின்) ஒரே பக்கத்தில், அலசும் வாளியின் அடியைத் தொட்ட இடத்தில் மட்டுமே இருந்தன. அது துணி ஊறவைக்கும் வாளி. அடியில் சோப்புத்தூள் படிந்து கிடந்தது. ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்குமே, அதே கதைதான்: சோப்புத்தூள், சுண்ணாம்பு போன்ற காரம் (அமிலத்துக்கு எதிரானது) பட்டால் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற நிறப்பொருள் சிவந்துவிடும்.

காரத்தை முறிக்க, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வினிகர் கலந்த தண்ணீரில் நூலை முக்கினேன். கண்ணெதிரே மஞ்சள் திரும்பியது! எலுமிச்சைச் சாறும் இதற்குப் போதும். இப்போது அலசுவது எவர்சில்வர் பாத்திரத்தில், சோப்புக்குப் பதில் துளி ஷாம்பு. உலர்த்துவது நிழலில்தான், மஞ்சள் சாயம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.