உளவியல் வினாத்தாளுக்கு ஒரு யானை வெடி

உளவியல் அறிமுக வகுப்பில் 'எதிர் மீளவலியுறுத்தல் என்றால் என்ன?' என்று கேட்டால், 'தொல்லை ஒன்று நீங்குவதால் ஒரு நடத்தை கூடுவது' என்று பிள்ளைகள் கொப்பியில் உள்ளதை அப்படியே ஒப்புவிப்பார்கள். விளங்கியதா என்று நமக்குத் தெரியாது. அதனால் ஒரு காட்சியைக் கொடுத்துக் கேளுங்கள்.

வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த காட்சி: இரவு வயலுக்குள் யானை இறங்குகிறது. காவல் கொட்டிலில் இருப்பவர் யானை வெடி கொளுத்துகிறார், யானை காட்டுக்குள் போய்விடுகிறது. அடுத்த முறை அவர் இன்னும் வேகமாக வெடியை எடுக்கிறார். இதில் எதிர் மீளவலியுறுத்தல் யாருக்கு? காவல்காரருக்கு. தொல்லை நீங்கியதால் அவர் வெடி கொளுத்துவது கூடியது. அதே வெடியால் யானை வருவது குறைந்தால், யானைக்கு அது தண்டனை. 'எதிர்' என்றாலே கெட்டது என்று நினைத்து இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். நாள் போக யானை சத்தத்தைக் கணக்கெடுக்காமல் நின்றால்? அது பழகிப்போதல்.

விடையோடு ஒருவரிக் காரணமும் எழுதச் சொல்லுங்கள், புள்ளியைக் காரணத்துக்கே கொடுங்கள். அப்புறம் ஒரு கிழமை கழித்து, கொப்பியைப் பார்க்காமல் மறுபடி எழுத வையுங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிழமைக்குப் பிறகு, திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது.