டிராஃப்ட் தேதியை அவசரப்பட்டுக் குறிக்காதீர்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணிகள் அமைத்து மோதும் ஃபேன்டஸி லீக் நடத்துகிறீர்களா? டிராஃப்டை, அதாவது ஆளாளுக்கு வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளை, ஆகஸ்ட் நடுவிலேயே முடித்துவிடாதீர்கள். 2021 ஆகஸ்ட் 28 அன்று, சீசனுக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணி வீரர் ஜே.கே. டாபின்ஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது; அந்த சீசனே போச்சு. அவரை முன்கூட்டியே எடுத்தவர்களுக்குக் கையைப் பிசைந்ததுதான் மிச்சம்.

பயிற்சி ஆட்டங்கள் முடிந்து, அணிகள் 53 பேராகச் சுருங்கிய பிறகு, முதல் ஆட்டத்துக்குச் சுமார் ஒரு வாரம் இருக்கும். அதற்குள் வையுங்கள். நடுவில் வரும் லேபர் டே (செப்டம்பர் முதல் திங்கள்) விடுமுறை மட்டும் வேண்டாம். பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள்; கணினியே வீரர்களை எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டிராஃப்டில் விட்டுவிட்டு சீசன் முழுக்கப் புலம்புவார்கள். என் தேர்வு, அதற்கு மறுநாள் செவ்வாய் இரவு. நியூயார்க்கில் ஒன்பது மணி என்றால் கலிஃபோர்னியாவில் ஆறுதான், ஆபீஸிலிருந்து வீடு வந்து சேராத நேரம். நியூயார்க்கில் ஒன்பதரை என்றால் நாட்டின் கிழக்கு, மேற்கு இரு கரைக்கும் ஒத்துவரும்.