நீரிழிவு உள்ளவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவுக்குச் சிகிச்சை பெறுபவரிடம் "கண்ணையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று சொல்லிப் பரிந்துரைச் சீட்டைக் கொடுத்ததும், கொடுத்தவர் தம் வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறார். அந்தச் சீட்டோ பழைய மருந்துச் சீட்டுகளுக்கு நடுவே மடிந்து கிடக்கிறது. போகாதவரை அலட்சியக்காரர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல நேரங்களில் குறை அவரிடம் இல்லை, நாம் சொன்ன விதத்தில்தான் இருக்கிறது. மருத்துவர், செவிலியர், வீட்டில் உடனிருப்பவர் என்று இதைச் சொல்லும் இடத்தில் இருக்கிற எவருக்கும் இது பொருந்தும்.

காரணத்தைச் சொல்லாமல் அனுப்புவதே இவற்றில் பெரிய தவறு. நன்றாகப் பார்வை தெரிகிற ஒருவர், ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு எதற்காகக் கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நீடித்த மிகுசர்க்கரை, கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைப் பலவீனமாக்குகிறது. அவை சிறு சிறு புடைப்புகளாக வீங்குகின்றன, கசிகின்றன, சில இடங்களில் அடைபட்டும் போகின்றன. இரத்தம் போதாத விழித்திரை புதிய குழாய்களை வளர்த்துக்கொள்ளும். மெல்லியவையான அந்தக் குழாய்கள் உடைந்தால் கண்ணுக்குள்ளேயே இரத்தம் கொட்டும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதே, கூரிய பார்வைக்குரிய நடுப்பகுதி தப்பியிருந்தால், அவரால் செய்தித்தாளின் சிறிய எழுத்தைக்கூடத் தடையின்றி வாசிக்க முடியும். ஆகவே "பார்வை நன்றாக இருப்பதால்தான் இப்போது போகச் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு முரண்பாடாகத் தோன்றும் இந்த ஒரு வாக்கியம், பொதுவான அறிவுரைகள் பத்தைவிட அதிகம் பயன்படும் என்பது என் கணிப்பு.

இதற்கு நேர் எதிராக, "மங்கலாகத் தெரிந்தால் போய்க் காட்டுங்கள்" என்று நிபந்தனை வைத்துச் சொல்வதும் வழக்கத்தில் உள்ளது. மங்கல் வரும்வரை காத்திருக்கலாம் என்ற அனுமதியாகவே கேட்பவர் அதை எடுத்துக்கொள்வார். மேலும், இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை நீர் கோத்துப் பார்வை சில நாள் மங்கிப் பிறகு தானே தெளிவதும் உண்டு. அந்த அனுபவம் உள்ளவர், உண்மையான பாதிப்பின் மங்கலையும் "சர்க்கரை கூடியிருக்கும், சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவார். கண்ணாடிக் கடையில் பார்வையளவு எடுத்துக்கொண்டு, கண்ணைக் காட்டிவிட்டதாக நம்புகிறவர்களும் பலர். எழுத்துப் பலகையை வாசிக்கச் செய்வது வேறு, விழித்திரையைப் பார்ப்பது வேறு என்பதைச் சீட்டைக் கொடுக்கும்போதே விளக்க வேண்டும்.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை நல்ல அளவில் இருந்தால் கண்ணுக்கு விலக்கு அளித்துவிடுவதும் தவறே. நீரிழிவு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது என்பதும், இரத்த அழுத்தமும், சிறுநீரகத்தின் நிலையும் கணக்கில் வருகின்றன. நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் தொடக்க மாதங்களில், ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு சிலருக்குத் தற்காலிகமாக மோசமாவதும் உண்டு. அதற்காகக் கட்டுப்பாட்டைக் கைவிடக் கூடாது; கண்ணையும் பார்த்துக்கொண்டே கட்டுப்படுத்த வேண்டும்.

அச்சுறுத்திப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் உண்டு. "போகாவிட்டால் குருடாகிவிடுவீர்கள்" என்றால் சிலர் அன்றே கிளம்பக்கூடும். பலரோ கெட்ட செய்தியைக் கேட்க அஞ்சியே போகாமல் இருந்துவிடுவார்கள். "சர்க்கரையை ஒழுங்காக வைத்திருந்தால் இது வந்திருக்குமா?" என்ற பழியும் சேர்ந்தால், பரிசோதனை அறை அவருக்கு விசாரணைக் கூடமாகிவிடுகிறது. அச்சத்தோடு நிறுத்தாமல், செய்வதற்கு வழி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முற்றிய நிலையில் லேசர் சிகிச்சை கடுமையான பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது 1976-லேயே ஆய்வில் தெரிந்துவிட்டது. இன்று கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்துகளும் உள்ளன. ஊசி என்றதும் பதறுபவரிடம், கண்ணை மரத்துப்போகச் செய்த பிறகே போடுவார்கள் என்பதையும் கூறலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாடு தழுவிய விழித்திரைப் பரிசோதனைத் திட்டங்கள் நடைமுறைக்கு வந்த பின், 2009–10-இல், உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் என்ற இடத்திலிருந்து நீரிழிவு கண் நோய் இறங்கியது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் சேர்ந்தே அந்த மாற்றம் நிகழ்ந்திருக்கலாம் என்றாலும், இது நம்பிக்கையூட்டும் செய்திதான்.

போகிற நாள் எப்படியிருக்கும் என்று சொல்லாமல் விடுவது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆட்கள் பாதியில் திரும்பிவிடுவதற்குப் பல நேரங்களில் அதுவே காரணம். விழித்திரையைப் பார்ப்பதற்காகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டால் கண்மணி விரிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். பிறகு சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் உள்ளவை தெளியா. வாகனம் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது. இது தெரியாமல் தனியே வண்டியில் வந்தவர், மருந்து வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போவது இயல்புதானே? துணைக்கு யார் வருவார், வேலையிலிருந்து எந்த நாளில் விடுப்புக் கிடைக்கும், எவ்வளவு செலவாகும் என்று அவரோடு உட்கார்ந்து பேசி, "அடுத்த மாதம்" என்று பொதுவாக விடாமல், ஒரு தேதியையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக் கொடுப்பது நல்லது.

கேமராவில் எடுத்த விழித்திரைப் படம் தெளிவாக இல்லை என்று முடிவு வந்தால், அதைப் "பிரச்சினை இல்லை" என்று வாசித்துவிடக் கூடாது. கண்புரை மறைத்திருக்கலாம், அவரை நேரடிப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

ஒருமுறை பார்த்தாயிற்று என்று நிறுத்திவிடுவதும் பரவலான தவறு. இரண்டாம் வகை நீரிழிவில் நோய் கண்டறியப்பட்டவுடனும், முதல் வகையில் தொடங்கிய ஐந்து ஆண்டுகளுக்குள்ளும் முதல் பரிசோதனை நடக்க வேண்டும். அதன் பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, பாதிப்பு இருந்தால் கண் மருத்துவர் சொல்லும் இடைவெளியில். ஏற்கெனவே நீரிழிவு உள்ள பெண் கருவுறத் திட்டமிட்டாலோ கருவுற்றாலோ, ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே அனுப்ப வேண்டும். லேசர் செய்துகொண்டவர் "பார்வை கூடவில்லையே" என்று ஏமாந்து, அடுத்த முறை வராமல் போவதையும் காண்கிறோம். அந்தச் சிகிச்சையின் முதன்மை நோக்கம் இருப்பதைக் காப்பதே என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் குறைந்திருக்கும்.

குறித்த நாளில் வராதவரைக் கடிந்துகொள்வதால், அடுத்த முறை அவர் போகாததை மறைக்கக் கற்றுக்கொள்வாரே தவிர வேறு பலன் இராது. "போக முடியாமல் என்ன தடுத்தது?" என்று கேட்டால், கூட வருவதாகச் சொன்னவர் வரவில்லை, கூலி போய்விடும் என்பது போன்ற தீர்க்கக்கூடிய காரணங்கள் வெளிவரும். புதிய தேதியைக் குறிக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிடுங்கள்: திடீரென்று கண்ணில் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, பார்வை சட்டென்று போனாலோ, அந்தத் தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.