ஸ்பார்க் ஸ்ட்ரீமிங்கில் சொந்தமாக ரிசீவர் எழுதுவது எப்படி?

அப்பாச்சி ஸ்பார்க் என்பது பெரிய தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து கணக்கிடும் மென்பொருள்; தொடர்ந்து வரும் தரவை வெளியிலிருந்து வாங்கி அதற்குக் கொடுக்கும் நிரல்பகுதிதான் ரிசீவர். காஃப்கா, கைனசிஸ் போன்ற தரவோடை சேவைகளுக்கு ஸ்பார்க்கில் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. டிசிபி போர்ட்டில் வரி வரியாக அனுப்பும் கருவியிலிருந்தோ, அதிகம் புழங்காத மெசேஜ் கியூவிலிருந்தோ தரவை எடுக்க வேண்டுமென்றால்தான் ரிசீவரை நாமே எழுத வேண்டி வரும். ரிசீவர், ஸ்பார்க்கின் பழைய ஸ்ட்ரீமிங் முறையான டிஸ்ட்ரீம் ஏபிஐயைச் சேர்ந்தது, ஸ்பார்க் 3.4-லேயே அது வழக்கொழியும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. புதிய வேலைக்கு அதன் புது முறையான ஸ்ட்ரக்சர்டு ஸ்ட்ரீமிங் பக்கம் போங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரீம் செயலிக்கு ஒரு புது மூலத்தைச் சேர்ப்பவர்களுக்கே இந்தக் குறிப்பு.

ரிசீவர் என்ற கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து, கன்ஸ்ட்ரக்டரில் ஸ்டோரேஜ் லெவலை, அதாவது தரவை எங்கே, எத்தனை பிரதிகளாக வைப்பது என்பதை, கொடுங்கள். மெமரி அண்டு டிஸ்க் 2 என்பது வழக்கமான தேர்வு. கடைசியில் உள்ள 2, இரண்டு பிரதிகளைக் குறிக்கிறது. எழுத வேண்டிய மெத்தடுகள் இரண்டுதான்: ஆன்ஸ்டார்ட், ஆன்ஸ்டாப்.

ஆன்ஸ்டார்ட் உடனே திரும்பிவிட வேண்டும். தரவு வாங்கும் லூப்பை அதற்குள்ளேயே எழுதிவிடாதீர்கள். ஒரு டீமன் த்ரெட்டைத் தொடங்கி, லூப்பை அதற்குள் போடுங்கள். சாக்கெட்டையும் அங்கேயே திறக்க வேண்டும். ரிசீவர் ஆப்ஜெக்ட் டிரைவரில் (செயலியை வழிநடத்தும் புராசஸ்) உருவாகி, சீரியலைஸ் ஆகி (அனுப்பத்தக்க பைட்டுகளாக மாறி), எக்ஸிக்யூட்டருக்கு (வேலையைச் செய்யும் புராசஸ்) போகிறது. கன்ஸ்ட்ரக்டரில் சாக்கெட்டைத் திறந்தால் 'நாட் சீரியலைசபிள்' பிழைதான் மிஞ்சும். ஹோஸ்ட் பெயர், போர்ட் எண் ஆகியவற்றை மட்டும் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொண்டு, சாக்கெட் வேரியபிளை டிரான்சியன்ட் (சீரியலைஸ் செய்யாதே) என்று குறித்துவிடுங்கள்.

இணைப்பு அறுந்தால் ரீஸ்டார்ட்டை அழையுங்கள். அது பின்னணியில் ஆன்ஸ்டாப்பை அழைத்து, இயல்பாக 2,000 மில்லிசெகண்டு காத்திருந்து, மறுபடி ஆன்ஸ்டார்ட்டை அழைக்கும். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான். ஆன்ஸ்டாப்பைக் காலியாக விட்டுவிட்டு, லூப்பில் ரிசீவர் நின்றுவிட்டதா என்று இஸ்ஸ்டாப்டு மூலம் சோதித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு வரியை வாசிக்கும் ரீட்லைனில் தரவுக்காகக் காத்துக் கிடக்கும் த்ரெட் அந்தச் சோதனைக்கே வராது. 2 விநாடி கழித்து ரிசீவர் மறுபடி தொடங்கியதும் இஸ்ஸ்டாப்டு பழையபடி ஃபால்ஸ் ஆகிவிடும். பழைய த்ரெட் அதன்பின் விழித்துக்கொண்டால், தான் நின்றிருக்க வேண்டியதே அதற்குத் தெரியாது. இரண்டு த்ரெட்டுகளும் சேர்ந்து வாசிக்கும். ஒரே வரியை எல்லோருக்கும் அனுப்பும் மூலமாக இருந்தால் எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

சாக்கெட்டுக்கு டைம்அவுட் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். பஃபர்டு ரீடரோடு அதைச் செய்யாதீர்கள்: ஒரு வரியின் பாதி வந்த நிலையில் டைம்அவுட் ஆனால், அதுவரை வாசித்த பாதி தொலைந்துபோகலாம்; அடுத்த ரீட்லைன் மீதிப் பாதியையே முழு வரி என்று கொடுக்கும். ஆன்ஸ்டாப்பில் சாக்கெட்டை மூடுவதே சரியான வழி. காத்திருக்கும் வாசிப்பு அப்போதே எக்ஸெப்ஷனோடு வெளியே வரும். பிறகு அந்த த்ரெட் முடியும்வரை ஜாயின் செய்யுங்கள். அந்த எக்ஸெப்ஷனைப் பிடிக்கும் இடத்தில், ரீஸ்டார்ட்டை அழைக்கும் முன் இஸ்ஸ்டாப்டு பாருங்கள். இல்லையேல் நாமே நிறுத்திய ரிசீவர் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளப் பார்க்கும்.

அடுத்தது, வாங்கிய பதிவை ஸ்பார்க்கிடம் ஒப்படைக்கும் ஸ்டோர் மெத்தடு. ஒற்றைப் பதிவாகக் கொடுத்தால் ஸ்பார்க்கே அதை பிளாக்குகளாகச் சேர்த்துக்கொள்ளும். விநாடிக்கு இத்தனை பதிவுகள் என்ற மேக்ஸ்ரேட் வரம்பும் தானாக வேலை செய்யும். ஆனால் ஸ்டோர் திரும்பிவந்ததாலேயே பதிவு பத்திரமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. தரவு கிடைத்துவிட்டது என்ற ஒப்புகையை (ஏசிகே) மூலம் கேட்கும் வகையென்றால், பதிவுகளை அர்ரே பஃபரில் திரட்டி மொத்தமாக ஸ்டோருக்குக் கொடுங்கள். பிரதிகள் எழுதப்பட்ட பிறகே அந்த அழைப்பு திரும்பும். ஏசிகேயை அதன் பிறகுதான் அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால், எக்ஸிக்யூட்டர் விழும்போது தரவு சத்தமில்லாமல் காணாமல் போகும். மொத்தமாகக் கொடுக்கையில் வேகக் கட்டுப்பாடு உங்கள் பொறுப்பு. வெறும் டிசிபி சாக்கெட்டில் செயலி அளவிலான ஏசிகே கிடையாது என்பதால், எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதை முழுமையாக நம்ப முடியாது.

டிரைவர் விழுந்தாலும் தரவு தப்ப வேண்டுமா? செயலியின் நிலையைச் சேமிக்கும் செக்பாயின்ட் கோப்பகத்தை எச்டிஎஃப்எஸ் போன்ற பகிர்ந்த கோப்பு அமைப்பில் வைத்து, வந்த தரவை முதலில் அங்கே எழுதிவைக்கும் ரைட் அஹெட் லாகை இயக்குங்கள். அப்போது இரண்டு பிரதிகள் தேவையில்லை. ஸ்டோரேஜ் லெவலை ஒற்றையாக்கலாம். இப்படி மீளும்போது ஒரே பதிவு இரண்டு முறை வர வாய்ப்புண்டு; எழுதும் டேபிளில் தனி ஐடி வைத்து அப்சர்ட் (இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் சேர்) செய்யுங்கள்.

இயக்கும்போது ஒவ்வொரு ரிசீவரும் ஒரு பிராசஸர் கோரை முழு நேரமும் பிடித்துக்கொள்ளும். மாஸ்டரை லோக்கல்[1] என்று, அதாவது ஒரே கோரோடு இந்தக் கணினியிலேயே ஓடும்படி, வைத்தால் தரவு வரும், கணக்கிட ஆள் இருக்காது. திரையில் ஒன்றும் அச்சாகாது. குறைந்தது லோக்கல்[2] வேண்டும். கிளஸ்டரிலும் கோர்கள் ரிசீவர்களைவிட அதிகமாக இருக்கட்டும். ஒற்றைப் பதிவு முறையில் பதிவுகளை ஒரு பிளாக்காகச் சேர்க்கும் இடைவெளி இயல்பாக 200 மில்லிசெகண்டு, ஒரு பிளாக்குக்கு ஒரு டாஸ்க்; 2 விநாடி பேட்ச் என்றால் ஒரு ரிசீவருக்கு 10 டாஸ்க். கோர்கள் சும்மா இருந்தால் இடைவெளியைக் குறைக்கலாம், 50-க்குக் கீழே வேண்டாம். ஒரு ரிசீவர் போதாதபோது பலவற்றைத் தொடங்கி யூனியனால் இணையுங்கள்.

சோதிக்க, போர்ட்டில் உரையை அனுப்பும் நெட்கேட் என்ற கட்டளைக் கருவி போதும். 9999 போர்ட்டில் திறந்து, எண்ணிட்ட வரிகளை அனுப்புங்கள். நடுவில் நெட்கேட்டைக் கொன்று, 5 விநாடி கழித்து மறுபடி திறந்து, எண்ணைத் தொடருங்கள். வெளியீட்டில் எந்த எண்ணும் இரண்டு முறை வரக்கூடாது. அறுந்த நேரத்தில் போய்க்கொண்டிருந்த எண்கள் விடுபடலாம். அதற்கு அப்பால் எதுவும் விடுபட்டால் ஸ்டோர் அழைப்பைத் திரும்பப் பாருங்கள்.