காணிக் கணக்கோடு வாசிக்க வேண்டிய காதல் கதைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் காதல் நாவல்களைக் கையில் எடுக்கும் நம் பக்கத்து வாசகர்களில் பலர், முதல் ஐம்பது பக்கங்களுக்குள்ளேயே சோர்ந்துவிடுகிறார்கள். நடன விருந்து, தேநீர், குதிரை வண்டிப் பயணம், யார் வீட்டுக்கு யார் போனார்கள் என்ற பேச்சு என்று கதை நீண்டுகொண்டே போகிறது, காதலைத்தான் காணோம் என்பது அவர்கள் குறை. அவர்களுக்கு நான் சொல்லும் முதல் வழி இது: காதலைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, நிலம் யாருடையது, அது யாருக்குப் போகப்போகிறது என்று முதலில் பாருங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கங்களில் வளர்ந்த ஒருவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பெண் எடுப்பதா என்ற பேச்சு எழுந்தால், எத்தனை மா நிலம், சொந்தமா குத்தகையா, பாகப்பிரிவினை முடிந்துவிட்டதா, தண்ணீர் தடையின்றி ஏறுமா அல்லது கடைமடையா என்றெல்லாம் விசாரித்த பிறகே ஜாதகத்தைக் கையில் எடுத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் வரும் தாய்மாரும் அத்தைமாரும் கேட்பவை ஏறக்குறைய இதே கேள்விகள்தாம்.

1813-இல் வெளிவந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலையே எடுத்துக்கொள்வோம். நாயகன் டார்சி நடன அரங்கில் நுழைந்த ஐந்து நிமிடங்களுக்குள் அவருக்கு ஆண்டுக்கு 10,000 பவுண்டு வருமானம் என்ற செய்தி அறை முழுவதும் பரவிவிடுகிறது. நாயகி எலிசபெத்தின் தந்தைக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 2,000 பவுண்டு. அது வசதியான வருமானம்தான். ஆனால் அந்த நிலம் ஆண் வாரிசுக்கு மட்டுமே போகும்படி முன்பே கட்டப்பட்டிருப்பதாலும், அவருக்கு ஐந்தும் பெண்களாகவே பிறந்திருப்பதாலும், அவர் கண்ணை மூடியதும் வீடும் நிலமும் காலின்ஸ் என்ற தூரத்து உறவினரிடம் போய்ச் சேரும். அந்தக் காலின்ஸ் எலிசபெத்தைப் பெண் கேட்கும் 19-ஆம் அதிகாரத்தில், தாயின் காலத்துக்குப் பிறகு உனக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் கிடக்கும் 1,000 பவுண்டு மட்டுமே என்று அவள் முகத்துக்கு நேரே சொல்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை நிறுத்திவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஆண்டுக்கு 40 பவுண்டு. அதை வைத்துக்கொண்டு அவள் ‘மாட்டேன்’ என்கிறாள். பிறகு 10,000 பவுண்டுக்காரரிடமும் அதே பதிலைச் சொல்கிறாள். இந்தக் கணக்கைப் போடாமல் வாசிப்பவருக்கு எலிசபெத் துடுக்கான பெண்ணாக மட்டுமே தெரிவாள்; போட்டவருக்கு அவள் துணிச்சலின் அளவு புரியும். இருபத்தேழு வயதில் காலின்ஸை மணந்துகொள்ளும் தோழி ஷார்லட்டையும் அப்போது எளிதில் இகழ முடியாது. தமிழ்நாட்டில் 1989-இல் சட்டம் திருத்தப்படும் வரை, கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு இணையான பிறப்புரிமை இல்லை என்பதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, எலிசபெத்தின் தாய் திருமதி பென்னெட்டின் ஓயாத புலம்பல்கூட வெறும் நகைச்சுவையாகத் தோன்றாது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 1811-இல் வந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ என்பேன். ராஜீவ் மேனன் இயக்கி 2000-இல் வெளியான ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ அந்த நாவலைத் தழுவியது என்பதால், கதையின் எலும்புக்கூடு நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆங்கில நடையின் மீது மட்டும் கவனம் வைக்கலாம். உயில் ஒன்றால் வீட்டை இழந்து வெளியேறும் தாயும் மகள்களும், அடக்கமான அக்காள், உணர்ச்சிப் பெருக்குள்ள தங்கை, தங்கைக்காகக் காத்திருக்கும் முன்னாள் ராணுவ அதிகாரி என்று எல்லாம் நேருக்கு நேர் பொருந்தும். நாவலின் 2-ஆம் அதிகாரத்தை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். மூன்று தங்கைகளுக்கும் தலைக்கு 1,000 பவுண்டு கொடுப்பதாக நினைத்திருக்கும் அண்ணனை, அவன் மனைவி ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துக் கரைக்கிறாள். தொகை பாதியாகிறது, பிறகு ஆண்டுதோறும் ஏதோ கொஞ்சம் என்றாகிறது, கடைசியில் வீடு மாறும்போது சாமான் ஏற்ற உதவுவதோடும், பருவத்தில் மீனோ வேட்டை இறைச்சியோ அனுப்புவதோடும் கடமை முடிந்துவிடுகிறது. பாகப்பிரிவினைப் பேச்சு நடந்த எந்தக் கூடத்திலும் கேட்டிருக்கக்கூடிய உரையாடல் அது. ஆஸ்டினின் கூர்மைக்கு இதைவிடச் சிறந்த நுழைவாயிலை நான் அறியேன்.

இந்த நாவலில் வரும் அந்த ராணுவ அதிகாரி கர்னல் பிராண்டன் கீழை நாடுகளில் பணிபுரிந்து திரும்பியவர் என்ற குறிப்பையும் தவறவிடக் கூடாது. 1799 உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி தஞ்சை நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபோது இந்த நாவல் அச்சாயிற்று. கம்பெனிப் பணம் அப்போது ஆங்கில வீடுகளுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. ஆஸ்டினின் சொந்த அத்தை பிலடெல்பியாவே, சீர்வரிசைக்கு வழியில்லாத நிலையில் கப்பலேறிச் சென்னைக்கு வந்து, 1753-இல் கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள கடலூரில் டைசோ ஹான்காக் என்ற கம்பெனி மருத்துவரை மணந்தவர். மணமகன் தேடிக் கடல் கடந்த அந்தப் பெண்ணின் வாழ்க்கை, மருமகள் எழுதிய நாவல்களின் கவலைகளுக்கு மிக அருகில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஆங்கிலப் பெயர்களில் குழம்பாமல் இருக்க ஒரு சிறு தாளில் குடும்ப மரம் போட்டுக்கொள்ளுங்கள். மணமாகாத மூத்த மகளை ‘மிஸ்’ என்ற சொல்லோடு குடும்பப் பெயரால் மட்டும் அழைப்பதும், இளையவர்களுக்கு மட்டும் இடையில் சொந்தப் பெயரைச் சேர்ப்பதும் அக்கால வழக்கம். ஆகவே ‘மிஸ் பென்னெட்’ என்றால் அக்காள் ஜேன். ‘மிஸ் எலிசபெத் பென்னெட்’ என்றால் தங்கை. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்ட வேண்டாம். வாக்கியம் முற்றுப்புள்ளியை அடைந்த பிறகு, யார் யாரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பது விளங்கினால் மேலே செல்லலாம். ஆஸ்டின் வீட்டில் நாவல்களைச் சத்தமாக வாசிப்பது வழக்கமாக இருந்தது. நீங்களும் உரையாடல் மிகுந்த அதிகாரங்களை இருவராகப் பிரித்துக்கொண்டு வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், கண்ணுக்கு எட்டாத கேலி காதுக்கு எட்டும். பதிப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால் இந்நாவல்கள் அனைத்தும் ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. லிப்ரிவாக்ஸில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகளும் உண்டு.

இனித் திரைக்கு வருவோம். நாவலை முடித்த பிறகே படம் என்பதை நான் கட்டாயமாக வைக்கமாட்டேன்; ஆங்கிலம் கடினமாக இருப்பவர் படத்தை முதலில் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் எந்த வரிசையில் போனாலும், ஒரே காட்சியை நூலிலும் திரையிலும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 34-ஆம் அதிகாரத்தில் டார்சி முதன்முறையாகத் தன் காதலைச் சொல்லும் இடம் இதற்கு மிகப் பொருத்தமானது. அவர் வாயிலிருந்து நேர்ப்பேச்சாக ஆஸ்டின் தருவது தொடக்கத்தில் சில சிறு வாக்கியங்களே. அதன் பிறகு அவர் அவளுடைய குடும்பத்தின் தாழ்வைப் பற்றியும் தன் மனப் போராட்டத்தைப் பற்றியும் பேசியதையெல்லாம், எலிசபெத்தின் காதில் விழுந்த விதமாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறார். திரைக்கதை எழுதுபவர் அந்த இடைவெளியைத் தாமே வசனத்தால் நிரப்பியாக வேண்டும். ஆண்ட்ரூ டேவிஸ் திரைக்கதை எழுதி 1995-இல் பிபிசி ஒளிபரப்பிய ஆறு பகுதித் தொடரில் அது மூடிய அறைக்குள் நிகழ்கிறது. ஜோ ரைட்டின் 2005 படத்தில் கொட்டும் மழையில், திறந்தவெளி மண்டபம் ஒன்றில் நிகழ்கிறது. மழை அழகாகத்தான் இருக்கிறது. ஆயினும் தப்பிக்க இடமில்லாத சிறிய அறையில், இருவரும் மரியாதை குலையாமல் ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொள்வதே எனக்கு நாவலுக்கு அருகில் இருப்பதாகப் படுகிறது. அந்த 1995 தொடரில் டார்சி குளத்தில் குதிக்கும் புகழ்பெற்ற காட்சி நாவலில் இல்லை என்பதையும் தேடிக் களைப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

திரையால் எளிதில் எட்ட முடியாதது ஒன்று உண்டு. கதைசொல்லியின் குரல் முன்னறிவிப்பின்றி ஒரு பாத்திரத்தின் எண்ணமாக மாறி, மீண்டும் கதைசொல்லியிடமே திரும்பிவிடும் அந்த நடையை ஆஸ்டின் பெரிதும் வளர்த்தெடுத்தார். கும்பகோணத்துத் தெருக்களில் நடக்கும் ‘மோகமுள்’ நாவலில் தி. ஜானகிராமன் பாபுவின் மனத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளியேறுவதை அனுபவித்தவர்கள், இதன் சுவையை உடனே இனங்கண்டுகொள்வார்கள்; ஞான ராஜசேகரன் 1995-இல் அதைப் படமாக்கியபோது எந்தெந்தப் பக்கங்கள் முகபாவனையாக மாறின என்று யோசித்துப் பார்த்தால், ஆங்கிலப் படங்களை மதிப்பிடவும் ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். நல்ல தழுவல் என்பது மனத்துக்குள் நடந்ததற்கு ஒரு பார்வையையோ, ஒரு மௌனத்தையோ, ஒரு செயலையோ கண்டுபிடித்துத் தருவது. ஆங் லீ இயக்கிய 1995 ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யில் அது பல இடங்களில் கைகூடுகிறது, அதன் திரைக்கதைக்காக எம்மா தாம்சன் ஆஸ்கர் விருது பெற்றார். நோயுற்ற தங்கை மரியானைக் காண, அவளைக் கைவிட்ட காதலன் வில்லோபி இரவில் ஓடிவந்து தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் 44-ஆம் அதிகாரத்தை மட்டும் அந்தப் படம் விட்டுவிட்டது. அதை நூலில் தேடிப் படித்தால்தான், கெட்டவன் என்று முடிவுகட்டியவன் மீதும் அக்காள் எலினோருக்குப் பரிவு எழும் சங்கடத்தை உணர முடியும்.

ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ சிறியது, கடன்பட்ட தந்தை தன் மாளிகையையே வாடகைக்கு விட்டுக் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் கதை என்பதால் நம் பழைய மிராசு வீடுகளை நினைவூட்டும். 23-ஆம் அதிகாரத்துக் கடிதத்தை அவசரப்படாமல் வாசியுங்கள். திரை வடிவங்களில் ரோஜர் மிஷெல் இயக்கிய 1995 படம் போதும். 2007 படத்தில் நாயகி ஆன், பாத் நகர வீதிகளில் ஓடுவது அந்த அடக்கமான பெண்ணுக்குப் பொருந்தவில்லை.

டெல்டாவில் பிறந்த எவரும் தவறவிடக் கூடாத நூல் தாமஸ் ஹார்டி 1874-இல் எழுதிய ‘ஃபார் ஃப்ரம் த மேடிங் க்ரௌட்’. சிற்றப்பன் விட்டுச்சென்ற பண்ணையை பாத்ஷீபா என்ற இளம்பெண் தானே ஏற்று நடத்துகிறாள். தானியம் திருடிய காரியஸ்தனை வெளியேற்றிவிட்டுக் கூலியைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுக்கிறாள். 36, 37-ஆம் அதிகாரங்களை ஐப்பசி மழைக்காலத்தில் வாசியுங்கள். அறுவடை விருந்தில் ஆட்கள் எல்லாரும் குடித்து விழுந்து கிடக்க, தேரையும் நத்தையும் ஆடுகளும் காட்டும் குறிகளைக் கொண்டு புயல் வருவதை உணரும் கேப்ரியல் ஓக் என்ற பண்ணையாள், திறந்து கிடக்கும் ஐந்து கோதுமைப் போர்களும் மூன்று பார்லிப் போர்களும் நனைந்தால் 750 பவுண்டு போய்விடும் என்று மனத்துக்குள் கணக்கிட்டு, இடிமின்னலுக்கு இடையே தனியாளாகப் போர் மூடத் தொடங்குகிறான். பிறகு பாத்ஷீபாவும் வந்து தோள் கொடுக்கிறாள். அறுத்த குறுவை நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் குவித்துவிட்டு, மேகத்தையும் தார்ப்பாயையும் மாறி மாறிப் பார்த்த குடும்பத்துக்கு, அவன் அவளை எவ்வளவு நேசிக்கிறான் என்று ஹார்டி தனியே எழுதிக் காட்ட வேண்டியதில்லை. ஜான் ஷ்லெசிங்கரின் 1967 படம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. வயலும் பருவமும் அதில் நிதானமாக நகர்கின்றன. தாமஸ் வின்டர்பெர்க்கின் 2015 படம் விரைவானது, பாத்ஷீபாவாக வரும் கேரி முல்லிகனுக்காகப் பார்க்கலாம். நேரமிருந்தால் பழையதையே தேர்ந்தெடுங்கள்.

ப்ரான்டே சகோதரிகளை அதன் பிறகு எடுக்கலாம். சார்லட், எமிலி இருவரின் நாவல்களும் 1847-இல் புனைபெயர்களில் வெளிவந்தன. சார்லட்டின் ‘ஜேன் ஐர்’ ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வது; அந்தக் குரலே நூலின் உயிர் என்பதால் ஒலிப்பதிவாகக் கேட்பது நல்ல அனுபவமாக இருக்கும். ஜேன் தனக்கு வந்த 20,000 பவுண்டைத் தன் உறவினர் மூவரோடு சமமாகப் பங்கிட்டுக்கொண்ட பிறகே தான் காதலித்த ராசெஸ்டரிடம் திரும்புகிறாள் என்பதை, 2011 படத்தைப் பார்ப்பதற்கு முன் குறித்துக்கொள்ளுங்கள். எமிலியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ காதல் கதை என்ற எண்ணத்தோடு அணுகினால் ஏமாற்றும். இரண்டு வீடுகளையும் அவற்றின் நிலங்களையும் நாயகன் ஹீத்க்ளிஃப் எப்படித் தன் கைக்குள் கொண்டுவருகிறான் என்ற பழிவாங்கலைத் தொடர்ந்தால் பிடிபடும். 1939 படம் இரண்டாம் தலைமுறையை முழுவதும் விட்டுவிட்டது. 1992 படத்தில் அது உண்டு.

கடைசியாக எலிசபெத் காஸ்கெல்லின் ‘நார்த் அண்ட் சவுத்’. 1854-55-இல் வார இதழில் தொடராக வந்த இந்த நாவல் பருத்தி ஆலை, வேலைநிறுத்தம், கூலி ஆகியவற்றுக்கு நடுவே காதலை வைக்கிறது. 2004-இல் பிபிசி தயாரித்த நான்கு பகுதித் தொடர் மிகச் சிறந்தது என்றாலும், அதன் இறுதிக் காட்சி ரயில் நிலையத்தில் நடக்கிறது. நாவலிலோ லண்டன் வீட்டு அறை ஒன்றில், சொத்துக்கு உரிமையாளராகிவிட்ட நாயகி மார்கரெட், தொழிலில் நொடித்துப்போன ஆலை முதலாளி தார்ன்டனிடம் கடன் தருவதற்கான கணக்குத் தாள்களை எடுத்துவைத்துப் பேசத் தொடங்குகிறாள். முதலில் அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் பிறகு நான்காம் பகுதியைப் பாருங்கள்.