மணிக்கணக்கில் காசு வாங்கும் கஃபேயில் வேலை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகை சைக்கிள் கடையையும் பிரவுசிங் சென்டரையும் பார்த்து வளர்ந்த வேலூர்க்காரர்களுக்கு நேரத்துக்குக் காசு கொடுப்பது புதிதல்ல. சைக்கிளை எடுத்தால் நோட்டில் மணி எழுதுவார்கள், ஐந்து நிமிடம் தாமதமாக விட்டாலும் அடுத்த அரை மணிக்கும் சேர்த்து வாங்குவார்கள். அதே கணக்குதான் இப்போது லேப்டாப்போடு போய் உட்காரும் கஃபேக்களுக்கும் வந்திருக்கிறது. 2011இல் மாஸ்கோவில் இவான் மிதின் தொடங்கிய சிஃபர்பிளாட் இதற்குப் பெயர் போன இடம். ரஷ்ய மொழியில் அந்தச் சொல்லுக்குக் கடிகாரத்தின் முகப்பு என்று பொருள். காபி, பிஸ்கட், வைஃபை எல்லாம் இலவசம். உட்காரும் நிமிடத்துக்குத்தான் காசு. 2014இல் லண்டனில் திறந்தபோது நிமிடத்துக்கு 3 பென்ஸ் வாங்கினார்கள்.

இரண்டு வருடமாக வாரத்தில் மூன்று நாள் சத்துவாச்சாரி பக்கம் இப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். மணிக்கு 80 ரூபாய், ஒரு காபி சேர்த்தி. முதல் மாதம் நான் இழந்தது முழுக்க ஒரே தவறால்தான். புதிதாக வருகிறவர்கள் இன்றைக்கும் அதையே செய்கிறார்கள் என்பதால் முதலில் அதைச் சொல்கிறேன்.

உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் வேலைக்குத் தயாராவது. கவுன்டரில் அந்தத் தம்பி நோட்டில் 10.10 என்று எழுதினார். நான் லேப்டாப்பைத் திறந்தேன், விண்டோஸ் அப்டேட் ஓட ஆரம்பித்தது. 24 சதவீதத்தில் நின்றது, பிறகு 31. திரும்ப ஆன் ஆனபோது, ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் விபிஎன்னின் பாஸ்வேர்டு காலாவதி. ஐடி டீமுக்குப் போன் போட்டுப் புதிய பாஸ்வேர்டு வாங்கி, டீம் லீடர் அனுப்பிய 2 ஜிபி ஃபைலை இறக்கி முடித்தபோது மணி 11.25. ஒரு வரி வேலை நடக்கவில்லை, நூறு ரூபாய் போய்விட்டது. அந்தத் தம்பி மேல் எந்தத் தப்பும் இல்லை. அவர் விற்பது நேரம், நான் வாங்கியதும் நேரம்.

அதனால் அப்டேட், டவுன்லோட், பாஸ்வேர்டு, சார்ஜ் இதெல்லாம் முதல் நாள் இரவே வீட்டில் முடிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அங்கே போய் எதைச் செய்யப் போகிறோம் என்பதும் வீட்டிலேயே முடிவாகியிருக்க வேண்டும். நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவேன். நல்ல நெட்டும் அமைதியும் தேவைப்படும் வேலை மட்டும்தான் அந்தச் சீட்டில் இருக்கும். மெயில் படிப்பது, டைம்ஷீட் போடுவது, யாராவது பதில் அனுப்புவார்கள் என்று காத்திருப்பது, இவற்றுக்கெல்லாம் வீட்டுத் திண்ணை போதும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஆட்டோ மீட்டரைப் பார்ப்பது மாதிரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, எழுந்து தண்ணீர்கூடக் குடிக்காமல், அவசர அவசரமாக அடித்து அனுப்பிவிடுவார்கள். மறுநாள் அதைத் திருத்த இன்னும் இரண்டு மணி நேரம் வாங்க வேண்டியிருக்கும். ஐந்து நிமிடம் எழுந்து நடந்தால் ஏழு ரூபாய்தான், அது போகட்டும்.

அப்புறம், கட்டணத்தைக் கேட்காமலேயே உட்கார்ந்துவிடுவது. மணிக்கு எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். நிமிடக் கணக்கா, அரை மணிக்கு முழுமையாக்குவார்களா, ஒரு மணிக்கு முழுமையாக்குவார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஒரு மணிக் கணக்கு என்றால் இரண்டு மணி ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் மூன்று மணி நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். முழுநாள் பாஸ் இருக்கிறதா, சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, சாப்பிட வெளியே போனால் கணக்கு நிற்குமா, இதையும் சேர்த்துக் கேளுங்கள். நான் போகும் இடத்தில் முழுநாள் பாஸ் 400 ரூபாய். ஐந்து மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் காலையிலேயே பாஸ் எடுத்துவிட வேண்டும். மாலையில் கேட்டால் மாற்றித் தர மாட்டார்கள்.

மாதக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தினமும் நான்கு மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 7,040 ரூபாய். வீட்டு ஃபைபர் இணைப்பு மாதம் ஐநூறிலிருந்து ஆயிரத்துக்குள் கிடைக்கிறது. மீதிப் பணத்தில் சில மாதங்களிலேயே ஒரு நல்ல இன்வெர்ட்டர் வாங்கிவிடலாம். வீட்டில் இடமே இல்லை, குழந்தைகள் சின்னவர்கள் என்றால் கஃபேதான் வழி, அதில் தவறில்லை. ஆனால் வெறும் பழக்கத்தால் தினமும் போய்க் கொடுக்கிற தொகையா இது என்று யோசியுங்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு தவறு ஷட் டவுன் நாளில் நடக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் போகும், மதியம் 2 ஆகும், சில நாள் மாலை 5கூட ஆகும். வீட்டில் கரண்ட் இல்லை என்று பக்கத்துத் தெரு கஃபேக்கு ஓடுவோம். அதுவும் அதே துணை மின் நிலையத்தில் இருந்தால் அங்கேயும் கரண்ட் இருக்காது. பேப்பரில் வரும் மின்தடை அறிவிப்பில் உங்கள் தெருவை மட்டும் பார்க்காமல் கஃபே இருக்கும் பகுதியையும் பாருங்கள். இன்வெர்ட்டர் இருக்கு என்று சொல்வார்கள். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும் மட்டுமா, பிளக் பாயின்ட்டுக்கும் வைஃபை ரூட்டருக்கும் வருமா என்று கேளுங்கள். கரண்ட் போன நேரத்துக்குக் காசு உண்டா என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது.

வைஃபையைச் சோதிக்கும்போது டவுன்லோட் வேகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடக் கூடாது. வீடியோ அழைப்பில் உங்கள் முகமும் குரலும் போவது அப்லோட் வழியாக. குழு அழைப்புக்கு அப்லோட் நொடிக்கு மூன்று மெகாபிட் (Mbps) நிலையாக இருக்க வேண்டும். காலையில் சோதித்த வேகம் மாலையில் இருக்காது. குறிப்பாக விஐடி பல்கலைக்கழகத்தில் கேட், ஃபேட் என்கிற இடைத்தேர்வு, இறுதித் தேர்வு வாரங்களில் காட்பாடி பக்கம் மாணவர்கள் கூட்டம் அதிகம். போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறதே என்று நம்பினால், தினம் 2 ஜிபி தரும் ரீசார்ஜில் ஒரு மணி நேரக் குழு வீடியோவே ஒரு ஜிபிக்கு மேல் குடித்துவிடும். கேமராவை அணைத்து, வரும் வீடியோவையும் நிறுத்திக் குரலில் மட்டும் பேசினால் அந்த டேட்டா நாள் முழுக்கத் தாங்கும்.

இனிச் சொல்வதை என் தங்கையிடமிருந்து கற்றேன். அவள் மெடிக்கல் கோடிங் வேலையில் இருக்கிறாள், அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்து நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீடுகளைப் போட வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கண்ணாடி ஜன்னலுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தாள். மாலை ஆறரைக்கு நான் அவளைக் கூட்டிப்போக வந்தேன். வெளியே இருட்டிவிட்டது. உள்ளே லைட் வெளிச்சத்தில் அந்த ஜன்னல் அப்படியே நிலைக்கண்ணாடி ஆகியிருந்தது. அவளுக்கு எதிரே நான்கு மேசை தள்ளி நின்ற எனக்கே, திரையில் இருந்த நோயாளியின் பெயர் இடவலம் மாறிய எழுத்தாகத் தெரிந்தது. "இன்னாண்ணா, இவ்ளோ தூரத்துக்கா தெரியுது?" என்று பதறிவிட்டாள். அமெரிக்காவில் 1996இல் வந்த ஹிப்பா சட்டம் இந்த விவரங்களைக் காக்கச் சொல்கிறது. நம் நாட்டிலும் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருக்கட்டும், அது யாரோ ஒருவருடைய நோய். சிஎம்சி மருத்துவமனைக்கு எங்கெங்கிருந்தோ வந்து கையில் ஃபைலோடு நிற்கிறவர்களைத் தினமும் பார்க்கும் ஊரில் இருக்கிறோம். அந்த ஃபைல் ஊரார் கண்ணில் பட்டால் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதற்கு மறுநாளிலிருந்து அவள் சுவரில் முதுகு சாய்த்துத்தான் உட்காருகிறாள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் திரை தெரியாமல் மறைக்கும் பிரைவசி ஸ்கிரீன் ஒட்டியிருக்கிறாள், எழுந்தால் விண்டோஸ் கீயையும் L கீயையும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டுத்தான் எழுகிறாள். இப்படிப்பட்ட வேலையை வெளியிடத்தில் செய்ய உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்பதை முதலில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அனுமதி இல்லையென்றால் அந்த வேலை வீட்டில்தான்.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்கிறவர்கள் கடை மூடும் நேரத்தைக் கவனிப்பதில்லை. நியூயார்க்கில் காலை 9 மணி என்பது அவர்களுடைய கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் அதுவே 7.30 ஆகிவிடும். அக்டோபர் வரை சரியாக முடிந்த மீட்டிங், நவம்பரில் நாற்காலிகளைத் தூக்கி மேசை மேல் கவிழ்க்கும் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும்.

வெயில் காலத்தில் இன்னொன்று. வழியில் காய்கறி வாங்க நிறுத்தும்போது லேப்டாப்பை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் அந்தப் பெட்டிக்குள் பேட்டரி வெந்துவிடும். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால், ஏசியில் பத்து நிமிடம் ஆறவிட்டுச் சார்ஜ் போடுங்கள்.

கிளம்பும்போது, மணி முடியப் பத்து நிமிடம் இருக்கையிலேயே சேவ் செய்து, லாக் அவுட் செய்து, சார்ஜரைப் பைக்குள் வைத்துவிட்டு பில் கேளுங்கள். ரயில் பிடிக்க வேண்டுமென்றால் இன்னும் முன்னால். சத்துவாச்சாரியிலிருந்து கிரீன் சர்க்கிள் நெரிசலையும் பாலாற்றுப் பாலத்தையும் தாண்டித்தான் காட்பாடி போக வேண்டும். 5.30 ரயிலுக்கு நான் 4.15க்கே எழுந்துவிடுவேன். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஸ்டேஷனில் ரயில்வயர் வைஃபை முதல் 30 நிமிடம் இலவசம். ஆபீஸ் ஃபைலை மட்டும் அங்கே திறக்க வேண்டாம்.