அப்பா விட்டுப்போன வீடு, நாலு பிள்ளைகள்: பத்திரம் எழுதும் முன்

கும்பகோணம் பக்கம் பத்திரம் எழுதுகிறவன் நான். "அப்பா உயில் எழுதலை, நாங்க நாலு பேர்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அம்மா இருக்காங்களா? அப்பாவைப் பெத்த பாட்டி?" என்றுதான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், தாய் எல்லோருக்கும் சமபங்கு. அம்மா இருந்தால் வீடு ஐந்தாகப் பிரியும், நாலாக அல்ல. (கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.)

"அக்காவுக்கு அப்பவே நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்பார்கள். போட்ட நகையால் அவர் பங்கு போய்விடாது. குடியிருக்கும் வீட்டில் பாகம் கேட்கப் பெண்களுக்கு இருந்த தடையையும் 2005-லேயே நீக்கிவிட்டார்கள்.

இன்னொன்று, "இருபது வருஷமா நான்தான் குடியிருக்கேன், வீட்டு வரி நான்தான் கட்டுறேன்." குடியிருப்பதால் மட்டும் மற்றவர் பங்கு உங்களுடையதாகாது. பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் ரிப்பேர் செலவு, வரி ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். பாகம் பிரிக்கும்போது அந்தக் கணக்கைக் கேட்கலாம்.

தள்ளிப்போடாதீர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்திடமும் மன்றாடுகிறேன். இன்று ஐந்து கையெழுத்தில் முடிகிற காரியம், அண்ணன் காலமானால் அண்ணியும் அவர்கள் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து எட்டாகும். அதில் மைனர் இருந்தால் கோர்ட் அனுமதி வரை போகவேண்டியிருக்கும்.

இறப்புச் சான்று, இ-சேவை மையம் வழியாக வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்), பட்டா எல்லாம் எடுத்துக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பி அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் (தனக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரம்) எழுதி அனுப்பலாம். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும்.

வீட்டை உடைக்காமல் ஒருவரே வைத்துக்கொள்வதானால், மற்றவர்கள் தங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். பணம் கைமாறினால் தொகையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், பேங்க் வழியாகவே கொடுங்கள். "அப்புறம் தர்றேன்" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்ட தங்கைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். பதிவான விடுதலையை நினைத்தபோது தனியாக ரத்து செய்ய முடியாது. அதனால் பங்கை விடுகிறவரைத் தனியாக உட்காரவைத்து முழுப் பத்திரத்தையும் வாசித்துக் காட்டாமல் நான் கையெழுத்து வாங்குவதில்லை.

பிரித்துக்கொள்வதானால் பாகப்பிரிவினை. இங்குதான் கவனம் தேவை. எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் கிழமேலடி (கிழக்கு மேற்காக) 20, தென்வடலடி (தெற்கு வடக்காக) 100 என்று குறுகி நீண்டு கிடக்கும். நீளவாக்கில் இரண்டாக்கினால் பத்தடிச் சந்துதான் மிஞ்சும். முன்கட்டு, பின்கட்டு என்று பிரித்தால் பின்கட்டுக்காரர் தெருவுக்கு வர வழி வேண்டும். "வழி உண்டு" என்று மட்டும் எழுதினால் சண்டைதான். மேற்குச் சுவரை ஒட்டி, வாசலிலிருந்து கிணற்றடி வரை, 3 அடி அகலம், இருவருக்கும் பொது என்று அளவோடு எழுதவேண்டும். கிணறு, போர் மோட்டாரின் கரண்ட் பில், செப்டிக் டேங்க், சாக்கடைக் குழாய் போகும் பாதை, நடுச்சுவர், மாடிப்படி, மொட்டைமாடிக்கு மேல் கட்டும் உரிமை ஆகிய எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரியாவது வேண்டும். வரைபடமும் இணையுங்கள்.

செலவுக்குப் பயப்படாதீர்கள். தமிழ்நாட்டில் 2023-இல் உயர்த்திய பிறகும், குடும்பத்துக்குள் பிரிப்பதற்கு முத்திரைக் கட்டணம் மதிப்பில் 1 சதவீதம்தான், பங்கு ஒன்றுக்கு உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000.

ஒருவர் ஒத்துவராவிட்டால் மற்றவர் யாரும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். பிரிக்கவே முடியாத வீடானால், விற்றுப் பணத்தைப் பங்கிடக் கோர்ட் உத்தரவிடலாம். கோபத்தில் ஒருவர் தன் பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்றால் அது செல்லும். ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டுக்குள் அந்த ஆள் கூட்டாகக் குடியேறும் உரிமை கேட்க முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குக்கு வந்தால், கோர்ட் போடும் விலைக்கு அந்தப் பங்கை நீங்களே வாங்கிக்கொள்ள 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தில் இடமிருக்கிறது.

பதிவு முடிந்ததும் உட்பிரிவு (சர்வே எண்ணைப் பங்குவாரியாகப் பிரிப்பது) செய்து தனிப்பட்டாவுக்கு மனு கொடுங்கள். சர்வேயர் அளக்க வரும் அன்று பங்காளிகள் எல்லோரும் வரைபடத்தோடு இடத்தில் இருங்கள்.